அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

கள்ளிமேடு தொழிற்பேட்டையில் வெள்ளிங்கிரி முதலாளியின் பட்டறையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்ல வட்டமாக வாய் திறந்திருந்த நாற்பது கியர்பாக்ஸ் கூடுகளும், புதன்கிழமை காலையில் டீ வருவதற்கு முன்னாலேயே வாயை மூடிக்கொண்டு விட்டிருந்தன. யாரும் அடைக்கவில்லை, யாரும் வெல்டிங் வைக்கவில்லை, தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தமும் வரவில்லை. பேரிங் உட்கார வேண்டிய இடத்தில் குழந்தையின் நெற்றி மாதிரி வழவழவென்று இரும்பு இருந்தது. ஒரு கூட்டைத் தூக்கித் தராசில் வைத்தார்கள், ஓட்டை போடாத கூடு என்ன எடையோ அதே எடை. மூலையில் இருந்த தகர டிரம்மை எட்டிப் பார்த்தார்கள், முந்தின நாள் கழுத்துவரை நிறைந்திருந்த இரும்புத் துருவல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. துருவல் தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது, புரிந்த பிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை, டீ வந்தது, குடித்தார்கள்.

"மூடிருச்சா," என்றார் வெள்ளிங்கிரி, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டபடியே. "சரி, மறுபடி போடுங்க. வெள்ளிக்கிழமை லாரி வருது."

யார் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பழக்கமே அந்தப் பட்டறையில் கிடையாது. நாகஜோதி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, அதன்மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லிங் மிஷினிடம் போனாள்.

ஓட்டை போடுவது என்றால் டிரில் பிட்டால் யாரும் போடலாம். அது இறங்குகிற அவசரத்தில் ஒரு பக்கம் சாயும், உள்ளே சொரசொரவென்று விட்டுவிட்டு வரும். பேரிங் உட்காருகிற ஓட்டைக்கு அது ஆகாது. அந்த ஓட்டை அறுபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மேலே முப்பது மைக்ரான், ஒரு மயிரின் பாதிக் கனம், வரை போகலாம், கீழே ஒரு மைக்ரான்கூடக் குறையக் கூடாது. அதற்குத்தான் போரிங் ஹெட். இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு இரும்புத் தலை, அதன் அடியில் பக்கவாட்டில் நகரும் ஒரு சட்டம், சட்டத்தில் ஒரே ஒரு உளி. தலை சுற்றச் சுற்ற உளி ஓட்டையின் உள்சுவரைச் சீவிக்கொண்டே இறங்கும், பக்கத்தில் இருக்கும் டயலைக் கொஞ்சம் திருகினால் உளி மயிரிழை வெளியே வந்து நிற்கும். அந்தப் பட்டறையில் இருந்த பழைய தலைக்கு ஒரு குணம் உண்டு, டயலில் ஒரு கோடு திருகினால் ஓட்டை இரண்டு கோடு பெரிதாகும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுந்தார்கள். இன்னும் பத்து வேண்டும் என்று டயலில் பத்து வைப்பார்கள், ஓட்டை இருபது போய்விடும், இரும்பை மறுபடி ஒட்ட முடியாது, கூடு குப்பைக்குப் போகும். டயலை அளவு தாண்டித் திருகிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தவும் கூடாது. நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டயல் ஒன்று சொல்லும், உளி வேறொன்று செய்யும். கடைசியாக ஒரு தடவை டயலைத் தொடாமலே உளியைச் சும்மா இறக்கி ஏற்ற வேண்டும், அப்போது வருகிற பொடி திருநீறு மாதிரி இருந்தால் ஓட்டை சரி.

இவ்வளவும் நாகஜோதிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துருவல் கூட்டுகிற வேலைக்கு வந்தாள். குழந்தைவேலு மேஸ்திரிக்குச் சர்க்கரை வந்து கண் மங்கியபோது, "டயல்ல எத்தனை நிக்குதுன்னு பாத்துச் சொல்லு அம்மிணி" என்றார், பார்த்துச் சொன்னாள். பிறகு "நீயே திருகு" என்றார், திருகினாள். பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போன் பார்க்க ஆரம்பித்தார். அந்த வருஷம் நாகஜோதி மாசமாக இருந்தாள், வயிறு மிஷின் மேஜையில் இடிக்கும். உளி அதிர்ந்தால் உள்ளே இருந்த பிள்ளை உதைக்கும், உடனே வேகத்தைக் குறைப்பாள். அப்படி இரும்புக்குக் காது கொடுக்கப் பழகியவள், தர்ஷினி பிறந்து ஐந்து வருஷம் ஆன பிறகும் ஒரு கூட்டைக்கூடக் குப்பைக்கு அனுப்பியதில்லை.

ஆனால் ஒவ்வொரு கூட்டோடும் போகிற ஜாப் கார்டின் அடியில் ஆபரேட்டர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஆறு வருஷமாக எஸ். குழந்தைவேலு, ஐ.டி.ஐ. என்றுதான் எழுதியிருந்தது. நாகஜோதியின் பேர் வேறொரு நோட்டில் இருந்தது, ஹெல்பர், கூட்டுதல், துடைத்தல் என்று. ஐந்தாம் வகுப்பு படித்தவள் மைக்ரான் பார்க்கலாமாம், பார்த்தவள் இவள்தான் என்று காகிதத்தில் எழுதத்தான் கூடாதாம். நாளைக்கே அவளை வெளியே போ என்றால், இந்த உலகத்தில் எந்தப் பட்டறை வாசலிலும் போய் நின்று, நான் மிஷின் ஓட்டுகிறவள் என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு கேடயம் வந்தது, கண்ணாடிக்குள் தங்கக் கலர் சக்கரம் வைத்தது, ஒரு ரிஜெக்ட்கூட இல்லாத சிறந்த ஆபரேட்டர் திரு. குழந்தைவேலு என்று எழுதியது. மேஸ்திரிக்கு மாலை போட்டு, நாகஜோதியின் மிஷின் பக்கத்திலேயே நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் அங்கேதான் நின்றிருந்தாள், அதுதானே அவள் நிற்கிற இடம். "அம்மிணி, கொஞ்சம் அந்தப் பக்கம் போ, படத்துல துடைப்பம் விழுது" என்றார் வெள்ளிங்கிரி. போனாள். படம் எடுத்து முடிந்ததும் கேடயத்தில் எல்லோருடைய கைரேகையும் எண்ணெயுமாக இருந்தது என்று அவளிடமே கொடுத்தார்கள், பனியன் வேஸ்ட் துணி எடுத்துத் துடைத்துத் தரச் சொல்லி. துடைத்தும் கொடுத்தாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு மறுநாள்தான் ஓட்டைகள் மூடின.

புதன்கிழமை முழுக்க நாற்பதையும் மறுபடி போட்டாள், வியாழக்கிழமை காலையில் நாற்பதும் மறுபடி மூடியிருந்தன. அதற்குள் தொழிற்பேட்டை முழுக்கச் செய்தி போய், பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு மூன்று பேராக வந்து, ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஃபவுண்டரியில் மணல் சரியில்லை என்றார்கள். ஃபவுண்டரிக்காரர் வந்து, எங்கள் இரும்பு எல்லாப் பட்டறைக்கும்தான் போகிறது, உங்களிடம் மட்டும் ஏன் கோபித்துக்கொள்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். கூலண்ட் எண்ணெய் புதுசு என்று அதை மாற்றினார்கள். மிஷினுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், உடைந்ததைக் கூட்டி அள்ளச் சொல்லி நாகஜோதியைக் கூப்பிட்டார்கள். பழைய இரும்புக்காரர் மட்டும், டிரம்மில் துருவல் குறைந்துகொண்டே போகிறது, இப்படி இருந்தால் நான் எதை வாங்குவது என்று சண்டை பிடித்தார்.

கூடுகளின் ஓரத்தில் இரும்புப் பிசிறு தட்டுகிற ருக்குமணியக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவள் பகலில் பட்டறையில் அரம் பிடிப்பாள், சாயங்காலம் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பாள். போன மாசம்தான் தர்ஷினிக்குக் காது குத்தியிருந்தது, ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சி போட்டிருந்தார்கள்.

"காதுக்கு ஒரு நியாயம், இரும்புக்கு ஒரு நியாயமா," என்றாள். "இதுக்கும் குச்சியைச் சொருகி வைப்போம்."

யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை நாகஜோதி ஓட்டை போடப் போட, மணிக்கட்டு கனத்துக்கு வேப்பங்கொம்பை வெட்டி வந்து ஒவ்வொன்றிலும் செருகினார்கள், பட்டறை முழுக்க வேப்பிலை வாசம், அம்மை போட்ட வீடு மாதிரி. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் இரும்பு கொம்பை அப்படியே கவ்வி மூடியிருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலை நீட்டிக்கொண்டிருக்க, நாற்பது கூடும் தொட்டிச் செடி மாதிரி வரிசையாக நின்றன. ரோட்டில் போன ஆடுகள் உள்ளே வந்து மேய்ந்தன. குவாலிட்டி பார்க்கிற ஆள் ரிப்போர்ட்டில், வேப்பங்கொம்பு, பச்சை, நாற்பது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். லாரி காலியாகத் திரும்பியது. வெள்ளிங்கிரி ஃபவுண்டரியில் கெஞ்சி வேறு நாற்பது கூடு வாங்கினார்.

சனிக்கிழமை ருக்குமணியக்கா தன் வீட்டு கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். அந்த கிரைண்டரின் அடியில் இருக்கிற புஷ் என்கிற வளையம், ஆடி மாசத்தில் தேய்ந்துபோய் நாகஜோதி சாப்பாட்டு நேரத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தது. அதே மிஷின், அதே தலை, அதே உளி. அது மூடவில்லை. ஈரத்துணியோடு பட்டறைக்கு வந்தாள்.

"ஏனுங் முதலாளி, என்ற கிரைண்டர் புஷ்ஷு மட்டும் ஏனுங்க மூடலை?"

"அது சின்ன ஓட்டை."

"சின்ன ஓட்டைக்கு ரோசம் இருக்காதுங்களா? மாவு வாங்க வர்ற ஒவ்வொருத்தியும் கேப்பா, யாருக்கா இதைச் சரி பண்ணுனதுன்னு. நாகஜோதின்னு சொல்வேன். உங்க கூட்டை யாரு போட்டதுன்னு கேட்டா, உங்க கார்டு என்னங்க சொல்லுது?"

பட்டறையில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனாலும் அந்தக் கேள்வி எல்லோர் காதிலும் விழுந்தது. குழந்தைவேலு மேஸ்திரி செல்போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தன் கால் கட்டை விரலைப் பார்த்தார். நாகஜோதிக்குக் காது மடல் சூடாகியது. அவளுக்கு அது வெட்கம் மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வெட்கம் இல்லை, கோபம் என்று தெரிந்தது. ஆறு வருஷமாக உள்ளே கிடந்த கோபம், அவளுக்கு முன்னால் இரும்புக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? வெள்ளிங்கிரி அதைச் செய்யவில்லை. திங்கட்கிழமை அவர் கார்டில், ஆபரேட்டர் குழந்தைவேலு, உதவி நாகஜோதி என்று எழுதினார். மறுநாள் காலையில் ஓட்டைகள் மூடவில்லை, சுருங்கியிருந்தன. நாகஜோதி அளந்து பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல முப்பத்தொரு மில்லிமீட்டர், ஒரு மைக்ரான் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாதிப் பேருக்குப் பாதி ஓட்டை. செவ்வாய்க்கிழமை அவள் பேரைப் பென்சிலில் எழுதினார், கார்டு பென்சிலில் இருக்கும்வரை ஓட்டை இருந்தது, சாயங்காலம் அவர் ரப்பரை எடுத்து அழிக்க அழிக்க, ஓரத்திலிருந்து இரும்பு வந்து மூடிக்கொண்டே போனது. புதன்கிழமை பெரிய புத்திசாலித்தனம் செய்தார். பட்டறையில் வைத்துக்கொள்கிற கார்டில் நாகஜோதி என்று பேனாவிலேயே எழுதினார், சென்னைக்குப் போகிற ரிப்போர்ட்டில் குழந்தைவேலு என்று எழுதினார். நாற்பது ஓட்டையும் நன்றாகத் திறந்தபடி லாரியில் ஏறின. லாரி ரயில்வே கேட்டைத் தாண்டியதும், கொட்டாவி விட்டு வாயை மூடுகிற சத்தம் பின்னாலிருந்து நாற்பது தடவை கேட்டதாக டிரைவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதே லாரி அந்த நாற்பது இரும்புக் கட்டிகளோடு திரும்பி வந்தது, அதன் பின்னாலேயே காரில் சென்னைக் கம்பெனி இன்ஜினியர் ஹரிஹரன் வந்தார். அதற்கு முன்னால் வெள்ளிங்கிரி நாகஜோதியை ஆபீஸ் அறைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"நீ மட்டும் மனசு வெச்சா முடிஞ்சுரும் அம்மிணி. அதும்பாட்டுக்குத் திறந்து இருக்கச் சொல்லு. உன்னை இந்தப் பட்டறையில யாராச்சும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கமா? தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தரலையா?"

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் வேணும்னு எடுத்துக்கலை அம்மிணி. அவுங்க எழுதுனாங்க, நான் இருந்துட்டேன்."

"வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லலீங்களே மேஸ்திரி," என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள், மேஸ்திரிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஹரிஹரன் நல்ல மனுஷர்தான், அவசரக்காரர். மூடின கூடுகளைச் சுற்றி நடந்தார், தட்டிப் பார்த்தார், அவரும் ஆச்சரியப்படவில்லை, அவர் கம்பெனியில் இதைவிட மோசமான பார்ட்டெல்லாம் வந்திருக்கிறது. "போட்டது யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள். நாகஜோதியின் நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிரித்து எடுத்தாள்.

"நான்தானுங்க."

"எல்லாமேவா?"

"ஆறு வருஷமா வந்தது எல்லாமுங்க."

ஹரிஹரன் வெள்ளிங்கிரியைப் பார்த்தார். வெள்ளிங்கிரி மிஷினைப் பார்த்தார். "படிப்பு?" என்றார் ஹரிஹரன்.

"அஞ்சாவதுங்க."

"அதான் சிக்கல்ம்மா. எங்க ரூல்படி ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இல்லாத ஆளை ஆபரேட்டர்னு போட முடியாது."

"சர்டிபிகேட்டை மிஷின்ல மாட்டிப் பாருங்க சார், ஓட்டை விழுதான்னு," என்றாள் ருக்குமணியக்கா, அரத்தைக் கீழே வைக்காமலே.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நாகஜோதி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு ஏதோ ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷமா நாங்க அனுப்புன கூடு எல்லாம் எங்கெங்கே ஓடுதுங்க?"

"எங்கேன்னா, எல்லா இடத்துலயும்தான். சர்க்கரை ஆலை, கல்குவாரி, துறைமுகத்துல கிரேன். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல இருக்கு. ஏன்?"

"அதெல்லாம் இன்னும் மூடலீங்க," என்றாள் நாகஜோதி. இரண்டு கையையும் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கார்டுலயும் மேஸ்திரி பேருதான் இருக்குதுங்க. ஏன் மூடலைன்னு எனக்குத் தெரியலை. எனக்கு இன்னும் மனசு வரலையோ என்னமோ."

மிரட்டுகிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை, மைக்ரோமீட்டரில் பார்த்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஹரிஹரன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், அவர் கண்ணுக்குள் ஒரு லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "ரூல் நான் பேசிக்கிறேன், எழுதுங்க சார்," என்றார் வெள்ளிங்கிரியிடம்.

வெள்ளிங்கிரி புதுக் கார்டு ஒன்றை எடுத்து மிஷின் மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார், திறந்து அப்படியே வைத்திருந்தார்.

"உன்ற முழுப் பேரு என்ன அம்மிணி? இனிஷியல்?"

அவள் அந்தப் பட்டறைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நாகஜோதி சொன்னாள். அவர் எழுதி நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்கு நன்றாகவே போதும். ஆபரேட்டர், ர. நாகஜோதி, என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சின்ன எழுத்தில், குழந்தைவேலு மேற்பார்வையில், என்றும் இருந்தது.

அவள் குவாலிட்டி ஆளின் மேஜையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, ஆகாத கூட்டுக்குப் போடுகிற மாதிரி கார்டின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ரிஜெக்ட்டுங்க. வேற எழுதுங்க."

வெள்ளிங்கிரி வேறு எழுதினார். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மிஷின் ஸ்விட்சுப் பக்கம் அவள் போகவில்லை. எல்லோரும் அவள் போவாள் என்று நின்றார்கள்.

"பழசுங்க," என்றாள்.

குழந்தைவேலு மேஸ்திரிதான் முதலில் அசைந்தார். பரணுக்கு ஏணி போட்டு, ஒவ்வொன்றாக மூன்று சாக்கு கார்டை இறக்கிவந்து, தூசி பறக்க மேஜைமேல் கொட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்த கார்டை முதலாளியிடம் தள்ளினார். முதலாளி அதன்மேல் எழுதினார். மேஸ்திரி இரண்டாவது கார்டை எடுத்தார்.

வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். ஹரிஹரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாக்குக் குவியலைப் பார்த்து, "இது முடிய எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார்.

நாகஜோதி மேஸ்திரியின் காலி ஸ்டூலை இழுத்து, பனியன் வேஸ்டால் துடைக்காமல், அப்படியே அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறு வருஷத்துக் கார்டுங்க," என்றாள். "உக்காருங்க."